இடது கை வீசவில்லை

கண்ணாடி தூக்குகிறவனுக்கு வாய் ஓயக் கூடாது. மற்ற வேலைகளில் பேசுகிறவனை முதலாளி முறைப்பார். இந்த வேலையில் பேசாதவனைத்தான் முறைப்பார். ஆளுயரக் கண்ணாடியை இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்து நிற்கும்போது ஒருவர் முகம் மற்றவருக்கு நன்றாகத் தெரியும். மற்றவர் கையில் இந்த நிமிஷம் எவ்வளவு பலம் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதனால் கேட்க வேண்டும். ஒருவர் "பிடிச்சாச்சா?" என்பார். மற்றவர் "பிடிச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கண்ணாடி தரையை விட்டு எழும்பும். படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் அதே கேள்வி, அதே பதில். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் "இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அதில் வெட்கம் கிடையாது. இன்னொரு விதியும் உண்டு. விழுகிற கண்ணாடியைப் பிடிக்கப் போகக் கூடாது, விட்டுவிட்டு விலக வேண்டும்.

நண்டுவின் அப்பாவும் அவருடைய கூட்டாளி ஒல்லியும் பத்தொன்பது வருஷமாக இப்படிக் கேட்டும் சொல்லியும் கண்ணாடி தூக்கி வந்தார்கள். படியேறும்போது கீழ்ப்பக்கம் எப்போதும் ஒல்லிதான், பாரம் இறங்குவது அவன் மேல்தான். கேட்பதும் அவன்தான். பத்தொன்பது வருஷத்தில் அப்பாவின் வாயிலிருந்து ஒரு முறைகூட "இல்ல" வந்ததில்லை. "உங்கப்பாவுக்குக் கையில்ல பாப்பா, கொறடு" என்று ஒல்லி அவளிடம் பெருமையடிப்பான்.

நண்டு என்று அவளுக்குப் பேர் வைத்ததே அப்பாதான். தவழும் வயதில் முன்னால் போகாமல் பக்கவாட்டிலேயே போனாளாம். இருபது வயதாகியும் பேர் போகவில்லை. அவள் அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்றபோது, சீருடைக் கம்பெனியில் காலர் தைக்கும் அம்மா தையல் நூலைப் பல்லால் கடித்தபடி, "பொம்மை ஆட்டுறதுக்கு ஒரு படிப்பா?" என்றாள். அப்பாதான், "போகட்டும் விடு. நண்டு பக்கவாட்டுல போனாலும் போக வேண்டிய எடத்துக்குப் போயிரும்" என்றார்.

மருந்துக் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் இருந்தது அந்தப் பயிற்சிப் பள்ளி. பன்னிரண்டு கம்ப்யூட்டர், பதினோரு நாற்காலி. கடைசியாக வருகிறவர் ஜன்னல் திண்டில் உட்கார வேண்டும். சொல்லிக்கொடுத்தவளுக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. வாயைத் திறந்தால் "ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு படம், இருபத்துநாலும் பேசணும்" என்பாள். பிள்ளைகள் அவளுக்கு இருபத்துநாலு என்றே பேர் வைத்துவிட்டார்கள். நேரில் மேடம்.

முதல் மாதம் முழுக்கப் பந்து. ரப்பர் பந்து எப்படிக் குதிக்கும், இரும்புக் குண்டு எப்படி விழும் என்று. "மூணு வாரமாப் பந்து உருட்டவா ரெண்டு பஸ் மாறிப் போற?" என்று அம்மா கேட்டாள். அடுத்த மாதம் மாவு மூட்டைக்குக் கால் முளைத்தால் எப்படிக் குதிக்கும் என்பது. அதற்கு அம்மா கருத்துச் சொல்லவில்லை, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்றாம் மாதம் நடை.

"வீட்டுல யாரையாவது நடக்க வெச்சு வீடியோ எடுங்க. அதைப் படம் படமாப் பார்த்து உங்க பொம்மையை நடக்க வைங்க. பொம்மைக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கணும்" என்றாள் இருபத்துநாலு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்கு முன்னால் சிமெண்டு சந்து. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வரிசையாகக் கதவுகள். நண்டு ஃபோனை ஒரு பக்கெட்டின் மேல் சாய்த்து வைத்தாள். அப்பா டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"எப்படி நடக்கணும்?"

"எப்பவும் நடக்கிற மாதிரிப்பா."

"எப்பவும் எப்படி நடக்கிறேன்னு யாருக்குத் தெரியும்?"

"கடன்காரன் வர்றான்னு நெனச்சுக்கங்க, தானா வரும்" என்றாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அம்மா. "அந்தப் பனியனைக் கழட்டிட்டு ஒரு சட்டையைப் போடுங்களேன். இருபது வருஷமா ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிறவ புருஷன் வெறும் பனியன்ல சுத்துறான்னு நாலு பேர் பேசவா?"

"பட்டன் போடச் சோம்பலா இருக்கு."

"பட்டன் போடச் சோம்பலாம்! கேட்டுக்க நண்டு, சோத்தை மெல்லவும் ஆள் வைக்கச் சொல்வாரு."

அப்பா எட்டு தடவை போய் எட்டு தடவை வந்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நண்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து என்ன? கூடவே இருப்பவர் நடையை யார் பார்க்கிறார்கள்.

ஒரு வாரம் உட்கார்ந்து அவள் அந்த நடையைப் பொம்மைக்கு ஏற்றினாள். குதிகால் எந்தப் படத்தில் தரையைத் தொடுகிறது, இடுப்பு எந்தப் படத்தில் இறங்குகிறது, தோள் எப்போது சாய்கிறது என்று அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினாள். செய்து முடித்தபோது பொம்மைக்குள் அப்பா இருந்தார். அவளுக்கே சிரிப்பு வந்தது.

இருபத்துநாலு அதை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இடது கை வீசல. மறந்துட்டியா?"

"இல்ல மேடம், வீடியோவுல அப்படித்தான்..."

"இடது பாதம் தரையை ஒரசுது. தூக்கி வைக்கணும். அப்புறம் இங்க பாரு, திரும்புற எடத்துல. மனுஷன் திரும்பினா முதல்ல கண்ணு, அப்புறம் தலை, அப்புறம் தோள், கடைசியிலதான் இடுப்பு. உன் ஆளு கதவு மாதிரி மொத்தமாத் திரும்புறான்."

"அப்படியே பார்த்துத்தான் செஞ்சேன் மேடம்."

"எல்லாரும் இதையே சொல்றீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். திருத்திட்டு வா."

வகுப்பே சிரித்தது. நண்டுக்குக் காது சிவந்தது. திருத்துவது ஒன்றும் பெரிய வேலையில்லை. வலது கையின் அசைவை அப்படியே எடுத்து இடது கைக்குப் போட ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு எட்டு தள்ளிப் போட்டால் முடிந்தது. பாதத்தைத் தூக்கினாள், தலையை முன்னால் திருப்பினாள். இருபது நிமிஷத்தில் பொம்மை ஜம்மென்று நடந்தது. அந்த மாதம் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் காட்டினாள். அம்மா, "அட, அப்படியே உங்கப்பா!" என்றாள். அப்பா மறுபடி போடச் சொன்னார். போட்டாள். இன்னொரு தடவை என்றார்.

"நல்லா நடக்கிறான் இந்த ஆளு" என்றார் கடைசியில். "எனக்கு அனுப்பி வை."

"பாரு, தன் மேலயே ஆசை வந்திருச்சு மனுஷனுக்கு" என்று அம்மா சிரித்தாள். நண்டுவும் சிரித்தாள்.

பிறகு பாரம் தூக்கும் பயிற்சி, பிறகு முகம். முகத்துக்கும் அப்பாவைத்தான் எடுத்தாள். ஒல்லி கடையில் சொன்ன ஜோக்குக்கு அவர் சிரிப்பதை. அதற்கும் இருபத்துநாலு குறை சொன்னாள். "கண்ணு சிமிட்டவே மாட்டேங்குது, செத்த மீன் மாதிரி இருக்கு. நாலு செகண்டுக்கு ஒரு சிமிட்டல் வை." வைத்தாள். அன்றைக்கு அந்த ஜோக்கே அப்பாவின் கையெழுத்தைப் பற்றியதுதான். அளவு எடுத்துக் கண்ணாடி மேல் அவர் மார்க்கர் பேனாவில் எழுதும் எண்கள் வரவர எறும்பு ஊர்வது போல ஆகிவிட்டனவாம். "அண்ணன் மை மிச்சம் பிடிக்கிறாரு" என்று ஒல்லி சொல்ல, கடையே சிரித்தது. இப்படி எல்லாம் சிரித்த நாட்கள்தான்.

பதினோராம் மாதம். படிப்பு முடிய ஒரு மாதம் இருந்தது. வெளியே புழுக்கம், மின்விசிறி சூட்டைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. இருபத்துநாலு விளக்கை அணைத்துத் திரையில் ஒரு வீடியோ போட்டாள்.

"நடிப்புன்னா அழறதும் சிரிக்கிறதும் மட்டுமில்ல. உடம்புக்குள்ள என்ன நடக்குதோ அது நடையில வரணும். இவரு ஒரு நோயாளி. பார்க்கின்சன்னு பேரு, நடுக்குவாதம்னும் சொல்வாங்க. ஆனா நடுக்கம் எல்லாருக்கும் முதல்ல வராது. அதுக்கு முன்னாடியே என்ன தெரியுதுன்னு நல்லாப் பாருங்க."

திரையில் யாரோ ஒரு நடுத்தர வயதுக்காரர் ஒரு நீண்ட வராந்தாவில் நடந்தார்.

"ஒரு பக்கத்துக் கை வீசல. பார்த்தீங்களா? அதே பக்கத்துக் கால் தரையை ஒரசுது. திரும்பும்போது தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கட்டையா... கதவு மாதிரி..."

சொல்லிக்கொண்டே வந்த இருபத்துநாலுவின் குரல் அந்த இடத்தில் சற்றுத் தடுக்கியது. எங்கோ சொன்ன சொல் என்று அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். "முகத்துல அசைவு குறையும். கண் சிமிட்டுறது குறையும். கையெழுத்து சின்னதாகும். பட்டன் போடுறது கஷ்டமாகும்" என்று முடித்தாள்.

நண்டுவின் கை தானாகக் கம்ப்யூட்டரில் பழைய கோப்பைத் தேடியது. திருத்துவதற்கு முன்னால் செய்தது. அழிக்காமல் வைத்திருந்தாள். திறந்து ஓடவிட்டாள். பெரிய திரையில் அந்த நோயாளி நடந்தார். சின்னத் திரையில் அவள் பொம்மை நடந்தது. இரண்டும் ஒரே நடை. வலது கை மட்டும் வீசியது. இடது பாதம் உரசியது. திரும்பும்போது கதவு.

அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று அவளுக்கே தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். இருபத்துநாலு வந்து பின்னால் நின்றாள்.

"இது யாரு?"

"எங்கப்பா."

"எப்போ எடுத்தது?"

"எட்டு மாசம் ஆச்சு மேடம்."

இருபத்துநாலுவின் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானே..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பிறகு மெதுவாக, "நான் டாக்டர் இல்லம்மா. வேற எதாவதாக்கூட இருக்கலாம். ஆனா இன்னிக்கே கூட்டிட்டுப் போ. இப்பவே கிளம்பு" என்றாள்.

பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தது. நண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அழத் தோன்றவே இல்லை. காதுக்குள் ஒரே ஒரு கேள்விதான் இரைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் படம் படமாகப் பார்த்தவள் அவள்தானே? ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு தடவை பார்த்தாளே! பார்த்து, கண்டுபிடித்து, அப்பாவின் நோயைத் தவறு என்று திருத்தி, மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டு வந்தாளே.

கண்ணாடிக் கடை மூன்று கட்டு. முன்னால் அளவெடுக்கும் மேஜை, நடுவில் வெட்டும் பலகை, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருக்கும் அறை. ஒல்லி வாசலில் வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பாப்பா இந்த நேரத்துல? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அப்பா எங்க சித்தப்பா?"

"பின்னாடி. செருப்புக் கடை முகப்புக்கு ஏழடிக் கண்ணாடி போகணும், வரச் சொல்லு. நேரமாச்சு."

வெட்டும் பலகையைத் தாண்டினாள். காலடியில் கண்ணாடித் தூள் நறநறத்தது. பின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

அப்பா நடந்துகொண்டிருந்தார். அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. ஆறு கண்ணாடியில் ஆறு அப்பா. ஒரு மரப்பெட்டியின் மேல் அவர் ஃபோன் சாய்ந்திருந்தது. அதில் அவள் பொம்மை நடந்தது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து நடந்தது. அப்பா அதைப் பார்ப்பார், கண்ணாடியைப் பார்ப்பார். "வலது கால், இடது கை. இடது கால், வலது கை" என்று முணுமுணுத்துக்கொண்டே இடது கையை வீசினார். வீசிற்று. திரும்பும் இடத்தில் நின்று, முதலில் தலையைத் திருப்பினார், பிறகு தோளை.

நண்டு கதவைத் தள்ளினாள். "அப்பா" என்றாள்.

அவர் கை அந்தக் கணமே தொங்கிவிட்டது.

ஃபோனை எடுத்து அணைக்கப் போனார். விரல் சரியான இடத்தில் படவில்லை. பொம்மை நடந்துகொண்டேயிருந்தது. அவளே போய் அணைத்தாள்.

"எத்தனை நாளாப்பா இது?"

"எது?"

"அப்பா."

அவர் மரப்பெட்டியில் உட்கார்ந்தார். "நீ அனுப்பினியே, அன்னையிலேர்ந்து. அதைப் பார்க்கிற வரைக்கும் எனக்கே தெரியாது நண்டு. எல்லாரும் நான்தான்னு சொல்றீங்க, எனக்கு மட்டும் ஏதோ உறுத்துது. மறுநாள் இங்க வந்து கண்ணாடி முன்னாடி நடந்து பார்த்தேன். உன் ஆளுக்கு ரெண்டு கையும் வீசுது. எனக்கு ஒண்ணுதான்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். அவருக்கு வேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். மூணு மாசம் ஆச்சு." காலியான பசை டப்பா ஒன்றைக் காட்டினார். உள்ளே மாத்திரை அட்டைகள். "பேர் சொன்னாரு. போகப் போக அதிகமாகுமாம். மாத்திரைக்குக் கேக்குமாம், ஆனா அடியோட போகாதாம்."

"அம்மாகிட்டகூட சொல்லலையே..."

"உன் படிப்பு முடியட்டும்னு பார்த்தேன். இன்னும் ஒரு மாசம்தானே? நல்லாத்தான் நடக்கிறேன். யாருமே கண்டுபிடிக்கல பாரு. அதையே நெனச்சுக்கிட்டு நடந்தா கை வீசுது."

"நெனைக்காட்டி?"

அவர் மாத்திரை டப்பாவை மூடினார்.

"நெனைக்காட்டி என்னாகுதுப்பா?"

"நின்னுருது."

"அப்போ கண்ணாடி தூக்கும்போது எதை நெனைப்பீங்க? கையையா, காலையா, படியையா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்த மனிதர் தரையையே பார்த்தார். நண்டுக்குக் கோபம் வந்தது. பாவம் என்று நினைக்க வேண்டிய நேரத்தில் கோபம்தான் வந்தது.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கீழ்ப்பக்கம் நிக்கிறது அவருப்பா! அவரு கேக்கிறாரு, நீங்க பிடிச்சாச்சுன்னு சொல்றீங்க. அவரு அதை நம்பித் தூக்கிறாரு."

"இதுவரைக்கும் விட்டதில்ல நண்டு."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"ஒரே ஒரு மாசம்..."

"அண்ணே!" என்று ஒல்லி நடுக்கட்டிலிருந்து கத்தினான். "அப்பாவும் பொண்ணும் அப்புறம் கொஞ்சிக்கலாம். செருப்புக் கடைக்காரன் பறக்கிறான், வாங்க!"

அப்பா எழுந்து நடுக்கட்டுக்கு வந்தார். பலகையில் சாய்ந்திருந்தது அந்தக் கண்ணாடி. ஏழடிக்கு நாலடி, அறுபத்தைந்து கிலோ. ஒல்லி தன் பக்கம் போய்க் குனிந்தான். அப்பா ரப்பர் கையுறையை மாட்டினார். இடது கைக்கு மாட்ட நேரம் பிடித்தது. ஒல்லி அதைக் கவனிக்காமல் செருப்புக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான். நண்டு கதவோரம் நின்றாள். சித்தப்பா என்று கூப்பிட வாயெடுத்தாள்.

அப்பா குனிந்து கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"பிடிச்சாச்சா?" என்றான் ஒல்லி.

பதில் வரவில்லை.

"அண்ணே, பிடிச்சாச்சா?"

அப்பா கண்ணாடிக்கு அப்பால் இருந்த அவன் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

ஒல்லி சிரித்தான். "காலையிலதானே சாப்பிட்டீங்க?"

"இல்லடா. பிடிக்கல. இந்தக் கை பிடிக்கல."

சிரிப்பு ஒல்லியின் முகத்தில் அப்படியே நின்றுபோய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவன் கையை எடுத்தான். நண்டுவைப் பார்த்தான். மறுபடி அப்பாவைப் பார்த்தான். அப்பா சொன்னார். நோயின் பேரைச் சொன்னார், மாத்திரையைச் சொன்னார். நாலே வாக்கியம்தான்.

"எத்தனை மாசமா?"

"தெரிஞ்சு எட்டு மாசம்."

ஒல்லி உதடு அசையக் கணக்குப் போட்டான். "அப்போ அந்தப் பள்ளிக்கூட ஜன்னல்?"

"ஆமா."

"துணிக்கடை நாலாவது மாடி? லிப்ட் வேலை செய்யலைன்னு படியில தூக்கிட்டுப் போனோமே, அது?"

"ஆமாடா."

"மூணாவது திருப்பத்துல கேட்டேனே. பிடிச்சாச்சுன்னு சொன்னீங்களே."

அப்பா கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்தார்.

"கீழ நான்தானே அண்ணே இருந்தேன்" என்றான் ஒல்லி. வெட்டும் பலகையின் விளிம்பில் உட்கார்ந்தான். தன் இரண்டு கைகளையும் விரித்து, ஏதோ காயம் தேடுவது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்குண்ணே. நீங்கதானே ரெண்டுக்கும் பேர் வெச்சீங்க."

அதைவிட அவன் அடித்திருக்கலாம் என்று நண்டுக்குத் தோன்றியது. தெருவில் யாரோ வண்டிக்கு வழி கேட்டு ஹாரன் அடித்தார்கள். ஒருவரும் நகரவில்லை.

அப்பா கையுறையைக் கழற்றப் பார்த்தார். வலது வந்தது. இடது கையில் ரப்பர் ஒட்டிக்கொண்டது. விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இழுத்தார், மறுபடி இழுத்தார். ஒல்லி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து அந்தக் கையுறையை நுனியில் பிடித்து உருவி எடுத்தான். எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுச் செருப்புக் கடைக்காரனுக்கு ஃபோன் போடப் போனான். "இன்னிக்கு ஆவாது" என்று அவன் யாரிடமோ கத்துவது கேட்டது. "ஆவாதுன்னா ஆவாது. ஆள் இல்ல." கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

சாயங்காலம் அப்பாவும் மகளும் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் அவர் பழக்க தோஷத்தில் கையை வீசிக்கொண்டு வந்தார். உதடு முணுமுணுத்தது.

"வேண்டாம்ப்பா. விட்டுருங்க."

"தெருவுல நாலு பேர் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

அவர் முணுமுணுப்பை நிறுத்தினார்.

"உங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றது நண்டு?"

"சித்தப்பாகிட்ட சொன்னீங்களே, அதே மாதிரி."

"அவன் கேட்டான், சொன்னேன். இவ கேக்க மாட்டாளே. இவ பேசிக்கிட்டேதானே இருப்பா."

சந்து திரும்பினார்கள். பனியனோடு அப்பா எட்டு தடவை போய் வந்த அதே சிமெண்டுத் தரை. அம்மா வேலையிலிருந்து முன்பே வந்துவிட்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பட்டன் இல்லாத ஒரு சட்டைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள், அப்பாவுக்கு. இவர்களைக் கண்டதும் நூலைக் கடித்துத் துப்பினாள்.

"அதிசயமா இருக்கே! ரெண்டு பேரும் ஜோடி போட்டுக்கிட்டு இந்த நேரத்துல... கடையை என்ன, ஏலத்துல..."

பாதியில் நின்றாள். ஊசி கையிலேயே இருந்தது. சந்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை அவர் நடந்து வருவதையே பார்த்தாள்.

இடது கை வீசவில்லை.